கையேட்டில் இல்லாத பெட்டி

முதல் டீ

அன்று காலை காணாமல் போனது ஒரு நீலம்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து, வெண்முகில் சாயப்பட்டறை அப்போதுதான் கண் விழித்திருந்தது. நான்காம் தொட்டிக்குள் வெள்ளைப் பனியன் துணி சுற்றத் தொடங்கியது. துணி நனைந்தது, உப்பு இறங்கியது, சூடு ஏறியது, நீலம் மட்டும் வந்தபாடில்லை. எந்தச் சாயம், எவ்வளவு, எப்போது என்கிற குறிப்பு ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் கம்பி வழியாகக் கலர் கிச்சனுக்கு வந்து சேர வேண்டும். சாயத்தை எடை போட்டுக் கலக்கும் அறைக்குத் திருப்பூரில் அதுதான் பெயர். அங்கிருந்த திரை துடைத்துவிட்டது போல் வெறுமையாக இருந்தது.

டையிங் மாஸ்டர் மாதவன் திரையைத் தட்டினார், திட்டினார், கடைசியில் பொறுமையிழந்து ஞாபகத்திலிருந்த அளவைக் கையாலேயே ஊற்றிவிட்டார். துணி வெளியே வந்தபோது திட்டுத் திட்டாக, மழைக்கு முந்தைய வானம் போல இருந்தது. பார்க்க அழகுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் வாங்குகிறவன் வானத்தைக் கேட்கவில்லை, ஒரே சீரான நீலத்தைத்தான் கேட்டிருந்தான்.

நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்ளும் கோமளா ஆபீஸ் பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே, மாஸ்டர் போன் போட்டு ராஜ்கமலை வரவழைத்துவிட்டார். பட்டறைக்கு முதன்முதலில் நெட்வொர்க் அமைத்துக் கொடுத்தவர் அவர். வருஷா வருஷம் பராமரிப்பும் அவரிடம்தான். வந்தார், நேராகக் கலர் கிச்சனுக்குப் போனார், சாயம் பிடிக்கப் போடும் சலவைச் சோடா மூட்டைகளுக்குப் பின்னால் சுவரோரமாகக் கையை விட்டார். அங்கே ஆபீஸ் கம்பியையும் கலர் கிச்சன் கம்பியையும் இணைக்கும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, கம்பி கழன்று கிடந்தது. செருகினார். திரையில் குறிப்பு ஓடி வந்தது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பெட்டி பிழைத்தது, கோமளா மாட்டிக்கொண்டாள். அந்தப் பட்டறையின் கம்ப்யூட்டர்களில் ஓடுவது இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதன் நெட்வொர்க் கையேட்டில் ஒரு பிரதி எடுத்து, பட்டறைக்கென்று சொந்த அத்தியாயங்களும் சேர்த்து வைத்திருந்தார்கள். டெலிபோன் கம்பியில் இன்டர்நெட்டைக் கூப்பிட்ட காலத்துச் சமாசாரமெல்லாம் அதில் மண்டிக் கிடந்தது. பழசையெல்லாம் களையெடுக்கச் சொன்னதே முதலாளி சித்ராதேவிதான். பூஜைக்கு முந்தின வாரம் கோமளா அழித்த அத்தியாயங்களில் ஒன்று, அந்தச் சாம்பல் பெட்டியைப் பற்றியது. பெட்டி இப்போது பயன்பாட்டில் இல்லை என்று காரணமும் எழுதியிருந்தாள்.

அதை நம்பி, பூஜைக்குச் சுத்தம் செய்த யாரோ கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள் என்றார் ராஜ்கமல். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அழித்த அத்தியாயத்தை அங்கேயே திரும்பச் சேர்க்கவைத்தார்கள். சித்ராதேவி பட்டறை நடுவில் நின்று, அத்தனை பேர் கேட்க, சாயங்காலம் ஷிப்ட் சங்கு ஊதும்போது கோமளா வேலையை விட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

கோமளாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாராபுரத்திலிருந்து வந்து, விடுதியில் தங்கி, நல்ல பேர் எடுத்த பெண். ஒரு தொட்டித் துணியை லாட் என்பார்கள். ஒரு பட்டறையில் 'லாட்டைக் கெடுத்தவள்' என்று பேர் வாங்கினால், திருப்பூரில் அந்தப் பேர் அவளுக்கு முன்னாலேயே அடுத்த பட்டறைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு மெஹ்ஜபினுக்குப் போன் செய்தாள்.

இரண்டாம் டீ

மெஹ்ஜபினைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண் எந்நேரமும் அரைத் தூக்கத்தில்தான் இருப்பாள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் வருவதற்குள் கண் சொக்கிவிடும். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதுகூட ஒரு குட்டித் தூக்கம் போட்டதாகக் கேள்வி. ஆனால் அந்தத் தூக்கத்துக்குள் ஒரு மூலையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கொமரலிங்கத்துக்காரி ஆயிற்றே, நெட்வொர்க் என்றதும் அவள் மனசில் அமராவதி வாய்க்கால்தான் ஓடும். எந்த மடை திறந்திருக்கிறது, எது தூர்ந்துவிட்டது என்று தண்ணீரோடு கூடவே நடந்துபோவாள்.

அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கையேட்டைத் திருத்தும் தன்னார்வக் குழுவில் அவளும் ஒருத்தி. அங்கே பழக்கமானவள்தான் கோமளா. தன் பட்டறைக் கையேட்டில் எதை அழித்தாலும், இன்னொரு ஜோடிக் கண் பார்க்கட்டும் என்று மெஹ்ஜபினுக்கு அனுப்புவாள். பெட்டி அத்தியாயத்தையும் அனுப்பியிருந்தாள். மெஹ்ஜபினும் சரியென்று சொல்லியிருந்தாள். தூக்கக் கலக்கத்தில் தலையாட்டித் தொலைத்தோமோ என்று நினைத்துக்கொண்டே கோமளாவின் பட்டறைக்குப் பஸ் ஏறினாள். அந்த டவுன் பஸ் பயணத்தில் மட்டும் அவள் தூங்கவே இல்லை.

பட்டறை வாசலில் தூறல். ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர், டெலிபோன், ஸ்டேப்ளர், சித்ராதேவியின் மேஜை விசிறி என்று எல்லாவற்றின் நெற்றியிலும் பூஜைப் பொட்டு மஞ்சளாக இருந்தது. சித்ராதேவி பொரியும் கடலையும் எடுத்து வைத்து, சாப்பிடச் சொல்லி, பிறகுதான் பேச்சைத் தொடங்கினார். கெட்டவர் இல்லை. துணி கெட்ட ஆத்திரம் அவருக்கு.

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான் கண்ணு. ஆனா ஓடிட்டிருக்கற பெட்டிய இல்லவே இல்லைனு எழுதிப் போட்டாளே?"

கோமளா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அம்மா, அந்தப் பெட்டி பழைய சாமான் அலமாரில கெடந்துச்சுங்க. நானே பாத்தேன். கம்பி நேரா மெஷினுக்குத்தான் போயிட்டிருந்துச்சு. சோதிச்சுப் பாத்துட்டுத்தானுங்க அழிச்சேன்."

அலமாரியைப் போய்ப் பார்த்தார்கள். காலி. பூஜைக்கு முன்னால் வழக்கப்படி பழைய சாமானையெல்லாம் இரும்புக் கடைக்குப் போட்டாயிற்று. வேறு பெட்டியைப் பார்த்துவிட்டு இதுவென்று நினைத்துக்கொண்டிருப்பாள் என்றார் ராஜ்கமல். பேச்சில் நல்ல பணிவு. தோளில் தொங்கிய கருவிப் பைக்குக்கூடச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். பக்கத்தில் வந்தால் கோயிலுக்குள் நுழைந்தது போல் வாசம்.

கலர் கிச்சனுக்குள் நுழைந்ததும் மெஹ்ஜபினுக்குக் கனவுக்குள் வந்துவிட்டது போலத்தான் இருந்தது. ஜன்னல் வழியாக வெள்ளாவி தவழ்ந்து வந்தது. வெள்ளைச் சோடாத் தூள் காற்றில் மிதந்து எல்லாவற்றின் மேலும் படிந்துகொண்டிருந்தது. தராசில் சிவப்புப் பொட்டு, திரையோரத்தில் சிவப்புப் பொட்டு, வாளிக் கைப்பிடியில், சாயக் கரண்டியில், தீயணைக்கும் சிலிண்டரில்கூடச் சிவப்புப் பொட்டு. அந்த வரிசையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இமை தாழ்ந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் சாம்பல் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன் தலையிலும் வட்டமாக, மஞ்சளாக, பார்க்க லட்சணமாக ஒரு பொட்டு இருந்தது.

"பாருங்க மேடம்" என்றார் ராஜ்கமல். "பூஜை அன்னைக்கே இது இங்கதான் இருந்திருக்குது. பொட்டே சாட்சிங்க."

சித்ராதேவி தலையாட்டினார். அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் அவரும் முடிவுக்கு வந்திருந்தார். மெஹ்ஜபின் பெட்டிக்கு வந்த இரண்டு கம்பிகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். பெட்டியைக் கழற்றிவிட்டுக் கம்பியை நேராகச் செருகினாலும் குறிப்பு ஓடும் என்று அவளால் காட்டிவிட முடியும். அதனால் பெட்டி தேவையில்லை என்றுதான் ஆகுமே தவிர, பூஜைக்கு முன்னால் அது அங்கே இல்லை என்று ஆகாது. கோமளாவின் முகம் சுண்டிப் போயிருந்தது.

சாப்பாட்டு மணி

கேட் காவலர் முனீஸ் சாத்தூர்ப் பக்கத்துக்காரர். விடுமுறையில் யார் யார் உள்ளே வந்தார்கள் என்று மெஹ்ஜபின் கேட்டதும் விரலை மடக்கினார். மாஸ்டர் வந்தார், மறுவாரத்துச் சாயம் இருப்பு பார்க்க. கோமளா வந்தாள், மறந்துவிட்ட குடையை எடுக்க. ராஜ்கமலும் வந்தார், பராமரிப்பு என்று.

"பட்டறைக்குள்ள மெயின அமத்திப் போட்டுருந்தாக. இருட்டுங்கன்னு சொன்னேன். செல்லு வெளிச்சம் போதும்னுட்டாரு" என்றார் முனீஸ். "சாவி தேடி எடுக்கிற வரைக்கும் ஆபீசுலதான் உக்காந்திருந்தாரு. உள்ள போனவரு ஒருக்கா வெளிய வந்து, வண்டிலேர்ந்து என்னமோ எடுத்துட்டுத் திரும்பப் போனாரு. பழக்கமான ஆளு, நான் என்னத்தக் கேக்க?"

பராமரிப்புக்கு வந்தவர் கருவி எடுக்க வண்டிக்குப் போவதில் குற்றம் ஒன்றும் இல்லை. பூஜை அன்று எடுத்த போட்டோ ஏதாவது உண்டா என்று கேட்டாள். நிறைய உண்டு. எல்லாம் ஆபீஸ் வாசலில் பொரித் தட்டோடு எடுத்தவை. கலர் கிச்சனில் போய் யார் போட்டோ எடுப்பார்கள்?

தையல் பகுதிப் பெண்களோடு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். லெமன் சோறு. யோசனையில் ஒரு கவளம் நழுவி வெள்ளைத் துப்பட்டாவில் விழுந்தது. கலர் கிச்சனைக் கூட்டிப் பெருக்கும் கருத்தம்மா ஒரு துண்டு சோப்பைக் கொடுத்தாள். குழாயடியில் தேய்த்தபோது மஞ்சள் கறை போவதற்குப் பதிலாகச் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. உம்மா பார்த்தால் திட்டுவாளே என்று அலுத்துக்கொண்டே மெஹ்ஜபின் துப்பட்டாவை உதறினாள்.

கலர் கிச்சனில் பொட்டு வைத்தது யார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"நாந்தேன் தாயி. கண்ணுல பட்டதுக்கெல்லாம் வச்சேன், எதுக்கு வச்சேன் எதுக்கு வைக்கலன்னு இப்பக் கேட்டா எனக்கெங்க தெரியும்" என்றாள் கருத்தம்மா. "இந்த வருசம் குங்குமம் வாங்க மறந்துட்டாக. ஆபீசுக்கும் சேத்து நான் கொழச்ச மஞ்சளத்தான் வச்சது. சாமி கோவிச்சுக்கிடாது, என்ன?"

கோவித்துக்கொள்ளாது என்று மெஹ்ஜபின் சமாதானம் சொன்னாள். பிறகு துணி உருளைகளுக்கு நடுவே ஓர் இடம் பார்த்து, வழக்கம் போலத் தலை சாய்த்துக் கண்ணை மூடினாள். வேறொருத்தி என்றால் அந்த நேரத்தில் நாலு பேரைக் குடைந்திருப்பாள். இவள் தூங்குகிறாள். தூரத்தில் நின்று பார்த்த கோமளாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மெஹ்ஜபின் கனவில் வாய்க்கால் ஓடியது. அதில் துப்பட்டா மிதந்து போனது. மஞ்சளாக இறங்கிய தண்ணீர், ஒரு மடையைத் தாண்டியதும் சிவப்பாக ஓடியது. கரையில் ஒரே ஒரு செடி மட்டும் மஞ்சள் பூவோடு அப்படியே நின்றது. ஏன் நீ மட்டும் மாறவில்லை என்று அவள் அதைக் கேட்டாள்.

சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் தூக்கத்தின் சுவடே இல்லை.

கடைசி டீ

ஷிப்ட் சங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சித்ராதேவி, மாஸ்டர், ராஜ்கமல், கோமளா நால்வரையும் கலர் கிச்சனுக்கு வரச் சொன்னாள் மெஹ்ஜபின். வாசற்படியில் கருத்தம்மா துடைப்பத்தோடு நின்றாள். மெஹ்ஜபின் ஆபீஸிலிருந்து ஸ்டேப்ளரைக் கொண்டுவரச் சொல்லி, மேஜை மேல் வைத்தாள்.

"இந்த ரூம்ல குங்குமமே இல்லீங்கம்மா" என்று ஆரம்பித்தாள்.

சித்ராதேவி சுற்றிப் பார்த்தார். எங்கே திரும்பினாலும் சிவப்புப் பொட்டு. இந்தப் பெண்ணுக்குத் தூக்கம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்.

மெஹ்ஜபின் மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை சோடாவை எடுத்துத் தண்ணீரில் கரைத்தாள். விரலை நனைத்து, ஸ்டேப்ளரின் மஞ்சள் பொட்டைத் தொட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொட்டு சிவந்தது. தராசிலும் திரையிலும் இருந்த அதே சிவப்பு.

"மஞ்சள் மேல சோடா பட்டா செவந்துரும். துணில கொழம்பு சிந்தி சோப்புப் போட்ட எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்க. பூஜை அன்னைக்குக் கருத்தம்மா அக்கா இங்க வெச்சதும் மஞ்சள்தான். இந்த ரூம்ல எது மேலயும் சோடாத் தூள் படிஞ்சே கெடக்குது. ஈரமா வெச்ச பொட்டெல்லாம் அன்னைக்கு ராத்திரிக்குள்ளயே செவந்து போச்சு. ஆபீஸ்ல சோடா இல்ல, அங்க மஞ்சளாவே இருக்குது."

பிறகு மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து, பெட்டியின் பொட்டை அதே விரலால் தொட்டாள். காத்திருந்தார்கள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. ஈரம் பட்டதும் மெல்ல ஒரு வாசம் மட்டும் எழுந்தது. சந்தனம்.

மாஸ்டர் மாதவன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நீலத்துல எத்தனை வகை கொடுத்தாலும் பிரிச்சுச் சொல்லுவனுங்க. காலைல இருந்து இதைப் பாத்துட்டுத்தான் நிக்கறேன், கண்ணுல படலீங்களே."

பொட்டு என்று ஒன்று இருந்தால் போதும், அதன் நிறத்தை யார் பார்க்கிறார்கள்? அதை நம்பித்தான் வைத்தவரும் வைத்திருக்கிறார் என்றாள் மெஹ்ஜபின். விடுமுறையில் வந்தது மூன்று பேர். தான் அழித்த அத்தியாயத்தைப் பொய்யாக்கும் பெட்டியைக் கோமளாவே கொண்டுவந்து வைக்க மாட்டாள். மாஸ்டர் தினமும் இதே அறையில் நிற்பவர், பொட்டு வைப்பதென்றால் பக்கத்திலிருக்கும் சிவப்பைப் பார்த்துத்தான் வைத்திருப்பார். மஞ்சளாக வைத்தவர், ஆபீஸ் பொட்டுகளை மட்டும் வெளிச்சத்தில் பார்த்தவர். சாவிக்காக அங்கே உட்கார்ந்திருந்தவர். இங்கே செல்போன் வெளிச்சத்தில் வேலை செய்தபோது சுற்றிலும் பொட்டு இருப்பது தெரிந்திருக்கும், அதன் நிறம் தெரிந்திருக்காது. வெறும் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும் என்று வெளியே போய், வண்டியிலிருந்து தன் கடைப் பூஜைக்குக் கரைத்த சந்தனத்தை எடுத்து வந்திருக்கிறார்.

எல்லோர் பார்வையும் கருவிப் பைக்குப் போனது. பையின் பொட்டும் பெட்டியின் பொட்டும் ஒரே கை வைத்த வட்டம்.

"நேரா போயிட்டிருந்த கம்பிக்கு நடுவுல பெட்டிய வெச்சீங்க. ஒரு முனைய மட்டும் கழட்டி விட்டுட்டுப் போனீங்க. காலைல வந்து நீங்களே செருகுனீங்க. மாஸ்டருக்கே தெரியாத பெட்டி, வந்த ஒடனே ஒங்க கைக்கு எப்படிங்க சிக்குச்சு?"

ராஜ்கமல் பேய் அறைந்தது போல் நின்றார். சந்தனம் யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தார். அந்த வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. பையை இறக்கி வைத்துவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"இரும்புக் கடைல போயி மீட்டுட்டு வந்தேனுங்க" என்றார் தணிந்த குரலில். "அந்தப் பெட்டிய இந்தக் கையாலதான் செஞ்சேன். அந்த அத்தியாயமும் நான் எழுதுனது, அடியில எம்பேரு இருக்கும். அது போயிருச்சுன்னா இந்தப் பட்டறைக்கு நான் எதுக்குங்க? அடுத்த வருசம் கூப்புட மாட்டீங்க. லாட்டு கெடும்னு நெனைக்கல. கொஞ்ச நேரம் நிக்கும், நான் வந்து ஓட வெப்பேன்னுதான்..."

கோமளா முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கு எம்பேர எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள்.

சித்ராதேவி அவரைப் போகச் சொன்னார், இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றும் சொன்னார். கோமளா பெட்டியைக் கழற்றி, இரண்டு கம்பிகளையும் நேராக இணைத்துவிட்டு, பெட்டியைத் துடைத்து ராஜ்கமலின் கையில் கொடுத்தாள். தூறலில் அதை மார்போடு அணைத்தபடி அவர் வண்டியை நோக்கி நடந்தார். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக நடந்தது இல்லையென்று ஆகிவிடுமா?

"மனசுல வெச்சுக்காத கண்ணு" என்று சித்ராதேவி கோமளாவின் தோளைத் தொட்டார். "ஆபீசுக்கு வா, டீ சாப்படலாம்."

கோமளா நகரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். "அம்மா, காலைல பட்டறை நடுவுல நின்னு சொன்னீங்க. அத்தனை பேரும் கேட்டாங்க. இதையும் அங்கயே சொல்லிருங்க. டீ அப்பறம் சாப்படறனுங்க."

முதலாளியிடம் அந்தப் பட்டறையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சித்ராதேவி மெஷின்கள் பக்கம் திரும்பினார். பிறகு, மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும் என்று மாஸ்டரிடம் கேட்டார். தொட்டிகளை நிறுத்த முடியாது, நடுச் சாயத்தில் துணி கெட்டுவிடும். பிழியும் மெஷினையும் காயவைக்கும் மெஷினையும் நிறுத்தச் சொன்னார். காற்றாடிகளையும் நிறுத்தினார்கள்.

பூஜை அன்று மட்டும் கேட்கும் அமைதி அது. தையல் பகுதியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கேட்டிலிருந்து முனீஸ் ஓடி வந்தார். சித்ராதேவி காலையில் நின்ற அதே இடத்தில் போய் நின்றார்.

"காலைல நான் சொன்னது தப்பு" என்றார். "கோமளா அழிச்சது சரி. விசாரிக்காம பேசுனது நானு. எல்லாரும் கேட்டுக்கங்க."

கருத்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது ஷிப்ட் சங்கு ஊதியது. வேலையை விட்டுப் போகச் சொல்லியிருந்த சங்கு. கோமளா ஆபீஸ் அறைக்குப் போய், காலையில் திரும்பச் சேர்த்த அத்தியாயத்தைத் திறந்தாள். இன்னொரு ஜோடிக் கண் பார்க்கட்டும் என்று திரும்பினாள். மெஹ்ஜபின் நாற்காலியில் சாய்ந்து, சிவந்த துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு தூங்கிப் போயிருந்தாள்.

கோமளா அவளை எழுப்பவில்லை. தானே இன்னொரு முறை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு அந்த அத்தியாயத்தை அழித்தாள். பிறகு நான்காம் தொட்டிக்கு நீலத்தை அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்துவிட்டதென்று கலர் கிச்சனிலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார்.